தனித்தா, கலந்தா? மும்பைப் பெண்கள் இயக்கத்தின் நூறாண்டு வழக்கு

பெண்ணுரிமை இயக்கம் தனக்கென்று ஒரு கொடியோடு நிற்க வேண்டுமா? இல்லை, தொழிலாளர், தலித், குடிசைவாசி என்று எல்லாருக்குமான சமத்துவம் கேட்கும் பெரிய இயக்கங்களுக்குள் கரைந்துவிட வேண்டுமா? மும்பையில் இந்தக் கேள்வி கருத்தரங்க மேடைகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆலை வாசல்களுக்கும் குழாயடிகளுக்கும் வந்துவிட்டது. அதன் வரலாற்றைத் தொடங்க ஏற்ற இடம் சுனாபட்டி. துறைமுக ரயில் பாதையில் குர்லாவுக்கு முந்தைய நிலையம் அது. சுண்ணாம்புச் சூளைகளால் பெயர் பெற்ற ஊர். ஒரு பக்கம் சயானும் தாராவியும், தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். 1886இல் ஜாம்ஷெட்ஜி டாடா இப்பகுதியில் இருந்த தரம்சி ஆலையை வாங்கிச் சுதேசி ஆலை என்று பெயர் மாற்றினார். அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆலைச் சங்கின் நேரம்தான் இந்த வட்டாரத்தின் நேரம். ஆலைத் தொழிலாளர் என்றதும் ஆணின் முகமே நினைவுக்கு வருகிறது. ஆனால் 1920களில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண்.

அந்தப் பெண்கள் பெரும்பாலும் நூல் சுற்றும் பிரிவிலும் நூற்கண்டுப் பிரிவிலும் வேலை செய்தார்கள். கதிரிலிருந்து நூலை உருளைக்கு மாற்றுவதும், அறுந்த இழையை விரலால் முறுக்கி முடிச்சுப் போடுவதும் அவர்களுடைய வேலை. கூலி நேரக் கணக்கில் இல்லை, சுற்றிய நூலின் எடைக் கணக்கில். நூல் மட்டமாக வந்தால் அடிக்கடி அறும். அறுந்தால் எடை குறையும். எடை குறைந்தால் கூலி குறையும். பஞ்சு வாங்கியவர் செய்த சிக்கனத்துக்கான விலையைச் சுற்றுக் கூடத்துப் பெண் தன் கூலியில் கொடுத்தாள். அவர்களை வேலைக்கு எடுப்பதும் நிறுத்துவதும் ‘நாய்கின்’ எனப்பட்ட பெண் மேஸ்திரிகளின் கையில் இருந்தது. நாய்கினுக்குக் கப்பம் கட்டாமல் வேலையில் நிலைப்பது கடினம். ஆண் தொழிலாளிக்கு இருந்த சிக்கல்கள் எல்லாம் இந்தப் பெண்களுக்கும் இருந்தன. பேறுகாலம், கைக்குழந்தை, இரவு வேலைத் தடை, வீட்டுவேலை என்று ஆணுக்கு இல்லாத சிக்கல்களும் இருந்தன.

தொடக்கத்தில் தனித்து நிற்கும் எண்ணம் யாருக்கும் எழவில்லை. 1890 ஏப்ரலில் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே வாராந்திர விடுமுறை கேட்டு மகாலட்சுமி பந்தயத் திடலில் பெருங்கூட்டம் கூட்டினார். ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் திரண்ட அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். அந்த ஜூன் மாதமே ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். 1928இல் ஆறு மாதம் நீடித்த பொது வேலைநிறுத்தத்திலும் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். உஷாபாய் டாங்கே, பார்வதிபாய் போர் போன்றவர்கள் பெண் தொழிலாளர்களைத் திரட்டிய தலைவர்களாக அறியப்பட்டார்கள். பொதுக் கோரிக்கைக்குப் பெண்களின் உழைப்பு குறைவின்றிக் கிடைத்தது.

திரும்பக் கிடைத்தது என்ன என்று கணக்குப் பார்த்தால் வரவு மெலிந்தே தெரிகிறது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிள்ளைப்பேற்றை ஒட்டிய ஓய்வைத் தாய்க்கு அளிப்பது தேசத்தின் நலன் என்பது அவர் வாதம். 1929இல் மசோதா சட்டமானது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதல் சட்டம். ஆனால் சலுகைத் தொகையைக் கொடுக்கும் பொறுப்பு ஒவ்வொரு ஆலை முதலாளியின் தலையிலும் விழுந்ததால், மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதை ஆலைகள் தவிர்க்கத் தொடங்கின. 1930களில் ஆட்குறைப்பும் புதிய இயந்திரங்களும் வந்தபோது முதலில் வெளியேற்றப்பட்டவர்களில் சுற்றுக் கூடத்துப் பெண்கள் பலர். ஆலைகள் இரவு முறைகளுக்கு மாறியபோது, பெண்களைப் பாதுகாக்க வந்த இரவு வேலைத் தடையும் அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. தொழிற்சங்கங்களின் மையக் கோரிக்கை குடும்பத்தைத் தாங்கும் ஆணுக்குப் போதுமான கூலி என்பதாக இருந்தது. பெண்களின் வேலையிழப்பு ஒரு துறையின் பிரச்சினையாகப் பார்க்கப்பட்டதே தவிர, வேலைநிறுத்தத்துக்குரிய காரணமாகப் பெரிதாக எடுக்கப்படவில்லை. பெரும் வேலைநிறுத்தம் வெடித்த 1982இல் ஆலைகளில் பெண்கள் நூற்றுக்கு ஒரு சிலரே. வர்க்கப் போராட்டத்தில் முழுமனத்தோடு கலந்த பெண்களுக்கு அந்தப் போராட்டத்தின் பேரேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கப்படாததன் விளைவு இது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொரு வகைக் கலப்பு நடந்துகொண்டிருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதி ஒழிப்புத் தீர்மானங்களோடு பெண்களுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, விதவை மறுமணம் ஆகியவற்றையும் சேர்த்தே நிறைவேற்றியது. சாதியும் பெண்ணடிமையும் ஒரே வேரில் முளைத்தவை என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. ஆனாலும் இயக்கத்துக்குள் பெண்களுக்குத் தனி மாநாடுகள் கூட்டப்பட்டன. 1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. நீலாம்பிகை அம்மையார், தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் இயங்கிய களம் அது. இத்தனைக்கும் பிறகு, ஆண்கள் பெண்களுக்கு விடுதலை வாங்கித் தருவார்கள் என்று நம்ப முடியாது, பெண்களே முயன்றால்தான் உண்டு என்று ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் வாதிட்டவரும் பெரியாரே. ஒரு பேரியக்கத்தின் தலைவரே தன் இயக்கம் பெண்களுக்குப் போதாது என்று ஒப்புக்கொண்டதைப் போன்றது இது. இந்த நேர்மை வேறு பேரியக்கங்களில் எளிதில் காணக் கிடைப்பதில்லை.

செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. மகாராஷ்டிரம் 1994இல் அதைப் பின்பற்றியது; 2005இல் இந்தியா முழுமைக்கும் அது வந்தது. அந்தப் பேரியக்கத்தின் வழிவந்தவர்கள் ஆட்சிக்கு வந்த 1967க்கும் 1989க்கும் இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தத் தீர்மானம் காத்திருந்தது என்பதையும் கலப்பின் கணக்கில் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பம்பாயின் தொழிலாளர் மரபு, தமிழ்நாட்டின் சுயமரியாதை மரபு ஆகிய இரண்டும் தாராவிக்கு வந்து சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் பெருமளவில் வந்து குடியேறினார்கள். மாட்டுங்காவில் குடியேறிய தமிழர்களோ பெரும்பாலும் அலுவலக வேலைக்கு வந்த உயர்சாதிக் குடும்பங்கள். இரண்டு இடங்களுக்கும் இடையே நடந்தே போய்விடும் தூரம்தான். தாராவியின் தமிழ்ப் பெண்கள் மாட்டுங்காத் தமிழ் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். தமிழ்ப் பெண்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாத நிலைமை அங்கே சமையலறை வாசலிலேயே தெரிந்தது. பெண்களுக்கென்று தனி இயக்கம் வேண்டும் என்பவர்கள் எந்தப் பெண்ணின் சார்பில் பேசுகிறார்கள் என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தபோது, மும்பைத் தமிழர்களுக்கு அதன் பொருள் விளங்க விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அம்பேத்கர் இயக்கத்திலும் பெண்கள் தனி மேடை அமைத்தார்கள். 1942 ஜூலையில் நாகபுரியில் நடந்த அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் பெண்கள் மாநாட்டுக்குச் சுலோசனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார். அம்பேத்கர் அதில் உரையாற்றினார். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்கள் அடைந்த முன்னேற்றத்தால் அளப்பதாக அவர் சொன்னது அங்கேதான். அந்த மாநாட்டிலும் அதற்கு முந்தைய போராட்டங்களிலும் பங்கேற்ற பெண்களின் வாழ்க்கையை ஊர் ஊராகத் தேடி, ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் 1989இல் மராத்தியில் நூலாக்கினார்கள். பங்கேற்று அரை நூற்றாண்டு கழிந்த பிறகே அப்பெண்களின் பெயர்கள் அச்சேறின.

சுதந்திரத்துக்குப் பிந்தைய மும்பையில் பெண்கள் பெருந்திரளாகத் தெருவுக்கு வந்தது 1972இல். மகாராஷ்டிரத்தை வறட்சி வாட்டிய ஆண்டு அது. தானியம், எண்ணெய், மண்ணெண்ணெய், சர்க்கரை எல்லாம் விலையேறின. சோஷலிஸ்டான மிருணாள் கோரே, மார்க்சிஸ்டான அகில்யா ரங்கணேகர், கம்யூனிஸ்டான தாரா ரெட்டி, பிரமிளா தண்டவதே முதலியோர் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து விலைவாசி உயர்வு எதிர்ப்புப் பெண்கள் ஐக்கிய முன்னணியை அமைத்தார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் பூரிக்கட்டைகளை ஏந்தி ஊர்வலம் போனார்கள். குறித்த நேரத்தில் வீட்டு வாசல்களில் தட்டுகளைக் கரண்டியால் அடித்து நகரத்தையே அதிரவைத்தார்கள். கோரேகாவில் குடிநீருக்காகப் போராடித் ‘தண்ணீர்க்கார அக்கா’ என்று பொருள்படும் பெயரை ஏற்கனவே பெற்றிருந்தவர் மிருணாள் கோரே. முன்னணி பெண்களால் பெண்களுக்காக நடத்தப்பட்டாலும், அதன் கோரிக்கை எல்லாருடைய வயிற்றுக்குமானது. வீட்டுக்குள் ஆணும் பெண்ணும் சமமா என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவில்லை. பூரிக்கட்டை அடையாளமாக இருந்தது. அதை ஏன் பெண் மட்டுமே பிடிக்க வேண்டும் என்று அந்த ஊர்வலங்களில் கேட்கப்படவில்லை.

அந்தக் கேள்விக்கு மிக நெருங்கி வந்த ஒரு முயற்சி ஆலைப் பகுதியிலேயே முளைத்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மாதக் கணக்கில் சாப்பாடு போட்ட பெண்கள் பலர் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு பெண் இருபது, முப்பது பேருக்குப் பாக்ரியும் பருப்பும் சமைப்பாள். ‘கானாவல்’ என்று அழைக்கப்பட்ட இந்த வீட்டு உணவகங்கள் இல்லாமல் பம்பாய் ஆலைகள் ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. 1973-74 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களின் கையில் காசு இல்லை. அப்போதும் இந்தப் பெண்கள் கடன்பட்டுச் சமைத்துப் போட்டார்கள். வேலைநிறுத்தத்தைத் தாங்கிய முதுகெலும்பு அவர்கள்தாம். ஆனால் சங்க உறுப்பினர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளர்களே அல்லர். கம்யூனிஸ்டுத் தொழிற்சங்கத்தில் பல ஆண்டு பணியாற்றிய பிரேமா புராவ் இதைக் கண்டு, 1975இல் பதினான்கு பெண்களோடு அன்னபூர்ணா மகிளா மண்டலத்தைத் தொடங்கினார். வட்டிக்கடைக்காரரிடமிருந்து மீள தேசியமயமான வங்கியில் கடன் பெற்றுத் தருவதுதான் முதல் வேலை. பின்னர் அது ஆயிரக்கணக்கான பெண்களின் அமைப்பாக வளர்ந்தது. பிரேமா புராவ் தொழிலாளர் இயக்கத்தைக் கைவிட்டவர் அல்லர். அந்த இயக்கத்தின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவர்களுக்குத் தனிக் கணக்குப் புத்தகம் திறந்தவர்.

தனித்து நிற்கும் இயக்கம் என்ற பெயருக்கு முழுத் தகுதியோடு பிறந்தது 1980இல். 1972இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல்நிலையத்துக்குள்ளேயே வன்புணர்வுக்கு உள்ளானாள். அவள் உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்ற காரணங்களைச் சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து பம்பாயில் வன்புணர்வு எதிர்ப்பு மன்றம் அமைந்தது. பின்னர் அது பெண்கள் மீதான ஒடுக்குமுறைக்கு எதிரான மன்றம் என்று பெயரை விரித்துக்கொண்டது. 1980ஆம் ஆண்டிலேயே பல மாநிலப் பெண்கள் குழுக்களின் தேசிய மாநாடு பம்பாயில் கூடியது.

இடதுசாரிக் கட்சிகளுக்குள் இருந்த பலர் அன்று எழுப்பிய எதிர்ப்பு இன்றும் வெவ்வேறு சொற்களில் கேட்கிறது: பெண்களைத் தனியாகப் பிரித்தால் உழைக்கும் மக்களின் ஒற்றுமை குலையும்; வறுமை ஒழிந்தால் பெண்ணடிமையும் ஒழியும்; வன்புணர்வும் மனைவியை அடிப்பதும் நடுத்தர வர்க்கப் பெண்களின் கவலைகள். மன்றத்தின் பதில் நேரடியானது. ஆலைத் தொழிலாளியின் மனைவியும் வீட்டில் அடிவாங்குகிறாள், அடிப்பவன் சங்கத் தோழன் என்பதால் அதைப் பற்றிச் சங்கம் பேசாது. ஆகவே எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத தன்னாட்சிக் குழு வேண்டும். இந்த வாதம் சரியானது என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. 1983இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வில், தான் இணங்கவில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை அப்படியே கொள்ள வேண்டும், மறுத்து நிறுவுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு என்றானது. குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்பட்டது. குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் பிரிவும் அதே ஆண்டில் வந்தது. வர்க்க ஒற்றுமைக்காகக் காத்திருந்தால் இவை எந்த ஆண்டு வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பெண்களின் வாழ்வைத் தனியாகப் பதிந்துவைக்க வேண்டும் என்ற எண்ணமும் இந்தக் காலத்து விளைச்சல். ஆலை ஆவணங்களிலும் சங்க ஆவணங்களிலும் பெண்கள் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தார்கள். எழுத்தாளர் அம்பை, அதாவது சி.எஸ்.லக்ஷ்மி, 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் சேர்ந்து மும்பையில் ஸ்பாரோ என்ற ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பெண்களின் குரலையும் படத்தையும் பேச்சையும் திரட்டிவைக்கும் அந்த வேலையை வேறு எந்தப் பொது ஆவணக் காப்பகமும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கவில்லை. தனித்து நின்றதால் விளைந்த நன்மைகளில் அதிகம் பேசப்படாதது இது.

தனித்து நின்றதன் குறைகளும் விரைவில் வெளிப்பட்டன. மன்றத்தின் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, நடுத்தர வர்க்க, உயர்சாதிப் பெண்கள். மணவிலக்கான முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றிய ஷா பானு வழக்கில் 1985இல் தீர்ப்பு வந்து, மறு ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டம் இயற்றப்பட்டபோது, எல்லா மதத்துப் பெண்களுக்கும் ஒரே சட்டம் கேட்டுவந்த குழுக்கள் திகைத்தன. அதே கோரிக்கையை முஸ்லிம்களுக்கு எதிரான ஆயுதமாக வேறு சக்திகள் கையில் எடுத்துக்கொண்டன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தபோது தாராவியும் எரிந்தது. அந்தக் கலவரத்தில் பெண்களும் தரப்புப் பிரிந்து நின்றதை பிளேவியா ஆக்னஸ் போன்ற பெண்ணியர்களே எழுதினார்கள். பெண் என்ற ஒற்றை அடையாளம் பெண்களைத் தானாக ஒன்றுசேர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த இரண்டு மாதங்கள் பேரிடி. அதன்பின் மும்பைக் குழுக்கள் ஒரே பொதுச் சட்டம் என்ற கோரிக்கையிலிருந்து விலகி, ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் பெண்ணுக்கு நீதி என்ற நிலைக்கு நகர்ந்தன.

சாதிக் கேள்வியும் அதே பத்தாண்டில் கதவைத் தட்டியது. சென்னையில் பிறந்த ரூத் மனோரமாவின் முன்முயற்சியில் 1995இல் தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பு உருவானது. பெண்கள் இயக்கத்தில் சாதி பேசப்படுவதில்லை, தலித் இயக்கத்தில் பெண் பேசப்படுவதில்லை, ஆகவே தலித் பெண்கள் தனியாகவே பேச வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். பெண்ணியர்கள் 1980இல் இடதுசாரிகளிடம் வைத்த வாதத்தை, 1995இல் தலித் பெண்கள் பெண்ணியர்களிடம் வைத்தார்கள். அதை மறுக்கப் பெண்ணியர்களிடம் நியாயமான காரணம் எதுவும் இல்லை. பெரும்பாலோர் மறுக்கவும் இல்லை.

இரு இயக்கங்களுக்கும் நடுவே விழுந்துவிடும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை 2006 செப்டம்பரில் பண்டாரா மாவட்டத்துக் கயர்லாஞ்சி காட்டியது. ஒரு தலித் குடும்பத்தின் தாயும் மகளும் இரண்டு மகன்களும் ஊராரால் கொல்லப்பட்டார்கள். செய்தி வெளியே வரவே வாரங்கள் ஆயின. 2008இல் தீர்ப்பளித்த விசாரணை நீதிமன்றம் கொலைக் குற்றத்தை உறுதிசெய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பொருத்தவில்லை, பெண்களின் மானத்துக்கு ஊறு விளைவித்த குற்றச்சாட்டையும் ஏற்கவில்லை. அந்தக் கொலைகளைச் சாதிக் கொடுமை என்றும் சட்டம் சொல்லவில்லை, பெண்கள் மீதான கொடுமை என்றும் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2005இல், மகாராஷ்டிர அரசு மதுக்கூட நடனத்தைத் தடைசெய்தபோது பெண்ணியர்களுக்குள் இருந்த பிளவு வெளிப்படையாகவே தெரிந்தது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் பிழைப்பு ஒரே நாளில் போனதாகச் சொல்லப்பட்டது. பெண்கள் மீதான ஒடுக்குமுறைக்கு எதிரான மன்றமும் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நடனப் பெண்களைச் சந்தித்து ஆய்வு செய்து, தடை அநியாயம் என்றார்கள். வர்ஷா காளே தலைமையில் நடனப் பெண்களின் சங்கமே போராடியது. மறுபுறம், வழிவழியாக ஆடும் சாதிகளில் பிறந்த பெண்களை அந்தத் தொழிலிலேயே கட்டிவைப்பது சாதி அடிமைத்தனம்தான் என்று தலித் பெண்ணியர்களில் ஒரு பகுதியினர் வாதிட்டுத் தடையை ஆதரித்தார்கள். தேவதாசி ஒழிப்பை மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கை வழியாக அறிந்த தமிழ் வாசகர்கள் அந்த வாதத்தை எளிதில் புறந்தள்ளிவிட மாட்டார்கள். 2006இல் உயர் நீதிமன்றமும் 2013இல் உச்ச நீதிமன்றமும் தடையை ரத்துசெய்தன. அதற்குள் மதுக்கூட நடனம் நின்று எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலை இழந்த பெண்களுக்கு மாற்று வேலையைத் தடையை ஆதரித்தவர்களாலும் தேடித்தர முடியவில்லை, எதிர்த்தவர்களாலும் முடியவில்லை.

நகரத்தின் விளிம்பில் இருந்த பெண்கள் இந்த விவாதத்துக்கு வேறொரு விடை வைத்திருந்தார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜாக்கின் அற்புதம் 1960களில் தச்சு வேலைக்காகப் பம்பாய் வந்து, மான்கூர்டின் ஜனதா காலனியில் குடியேறினார். அணு ஆய்வு மையத்துக்கு நிலம் வேண்டும் என்று 1976இல் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் செம்பூரை அடுத்த சீட்டா கேம்புக்கு அனுப்பப்பட்டார்கள். இடிப்பை எதிர்த்து நின்ற ஜாக்கின்தான் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவர். தொடக்க காலத்தில் அது ஆண்களின் அமைப்பு: மனு எழுதுவது, ஊர்வலம் போவது, தடுத்து நிற்பது. 1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நடைபாதைவாசிகளின் வாழ்வுரிமையை ஒப்புக்கொண்டபோதிலும், உரிய அறிவிப்புக்குப் பின் அவர்களை அகற்றலாம் என்றது. பைகுல்லா நடைபாதைப் பெண்கள் ஷீலா பட்டேல் முதலியோர் தொடங்கிய ஸ்பார்க் அமைப்போடு சேர்ந்து 1986இல் மகிளா மிலன் என்ற பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஜாக்கின் அதைத் தன் கூட்டமைப்பின் சமபங்காளியாக ஏற்றார். வீட்டையும் தண்ணீரையும் கழிப்பறையையும் அன்றாடம் பேணுகிறவர்கள் பெண்கள், அவர்கள் கையில் இல்லாத குடிசை இயக்கம் கூச்சலோடு நின்றுவிடும் என்பது அவர் கண்டுகொண்ட உண்மை.

மகிளா மிலன் முதலில் செய்தது சேமிப்பு. தினமும் ஒரு பெண் வீடு வீடாகப் போய் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்கிவருவாள். எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு நாணய மதிப்புக்கும் ஒரு நிறக் காகிதத் துண்டு. ஒவ்வொருவருடைய பையிலும் எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனை சேமிப்பு. கணக்கை ஆண் ஒருவர் படித்துச் சொல்லத் தேவையில்லை. அடுத்தது வீடு. நடைபாதைப் பெண்கள் தங்களுக்கு வேண்டிய வீட்டைச் சேலைகளையும் கம்புகளையும் கொண்டு முழு அளவில் கட்டிப் பார்த்தார்கள். சுவரின் உயரம் பதினான்கு அடி, பாதியில் ஒரு பரண்: கீழே சமையலும் வேலையும், மேலே படுக்கை. கட்டடக் கலைஞர்களின் மேசையிலிருந்து வந்த வரைபடம் அல்ல அது. சிறு இடத்தில் குடும்பம் நடத்தியவர்களின் அனுபவம். தாராவியிலும் இதே கூட்டணி வீட்டுச் சங்கங்களைக் கட்டியது. பொதுக் கழிப்பறைகளில் பெண்களுக்குத் தனி வரிசை, குழந்தைகளுக்கென்று தனியாகத் தாழ்வான கழிப்பறை என்பவையும் இந்தப் பெண்களின் வலியுறுத்தலால் வந்தவை. ஆண் கூட்டமைப்போடு பேரம் பேச உட்காரும்போது அவர்கள் தங்கள் பணத்தோடும் தங்கள் வரைபடத்தோடும் தங்கள் பெயரோடும் உட்கார்ந்தார்கள். ஜாக்கின் 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார்.

செம்பூர்ப் பக்கமும் இதற்கு இணையான ஒரு முயற்சி உண்டு. 1975இல் தொடங்கிய ஸ்திரீ முக்தி சங்கட்டனா, ஜோதி மாப்சேகரின் நாடகங்களால் நடுத்தர வர்க்க மராத்தி வீடுகளில் அறிமுகமானது. 1998இல் அது தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கம் திரும்பிக் குப்பை பொறுக்கும் பெண்களுக்காகப் ‘பரிசர் விகாஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பெண்களில் மிகப் பலர், 1972 வறட்சிக்குப் பின் மராத்வாடாவிலிருந்து வந்த நிலமற்ற தலித் குடும்பத்தினர். பூரிக்கட்டை ஊர்வலத்தைக் கிளப்பிய அதே வறட்சி இவர்களைக் குப்பைமேட்டில் சேர்த்திருந்தது. அடையாள அட்டை, மட்கும் குப்பையை உரமாக்கும் பயிற்சி, தங்கள் கூட்டுறவுச் சங்கம் என்று அவர்கள் படிப்படியாக மேலே வந்தார்கள். பெண்ணியம், சாதி, கூலி, சூழல் என்று பிரித்து எழுதப்படுபவை அந்தப் பெண்ணின் ஒரே சாக்குப்பையில் கிடந்தன. பிரித்துப் பார்ப்பது எழுதுகிறவர்களின் வசதி. அவள் ஒருநாளும் பிரித்துச் சுமந்ததில்லை.

சுதேசி ஆலை 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. தொழிலாளர்கள் நிலுவைத் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். வேலை ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. இன்றைய தாராவியில் அப்பளம் உருட்டுவதும் பொத்தான் தைப்பதும் இட்லி அவிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தங்கள் வீட்டுக்குள் செய்யும் வேலைகள். வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியச் சட்டம் மகாராஷ்டிரத்தில் 2008இல் வந்தது. ஆனால் வீட்டிலிருந்தே தொழில் செய்பவரைப் பெரும்பாலான சங்கங்கள் இன்னும் தங்கள் உறுப்பினராக்கவில்லை, 1973இல் கானாவல் பெண்களை ஆக்காததைப் போல.

தாராவி மறுகட்டுமானத்துக்கான கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புகளுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடிகளில் குடியிருப்பவர்களுக்கும் வேறிடத்தில் விலைக்கோ வாடகைக்கோ தவணைக்கோ வீடு என்பது திட்டம். அப்பளம் உலர்த்த மொட்டைமாடியும் வாசலும் தேவைப்படும் பெண், பல மாடிக் கட்டடத்தில் எங்கே உலர்த்துவாள் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் இடம் வேண்டும். அதைக் கேட்கும் பெண்கள் தாராவியைக் காக்கும் பொது இயக்கத்துக்குள் இருந்துகொண்டே கேட்கலாம். ஆனால் தங்கள் சொந்தக் கூட்டத்தில், தங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தோடு முடிவெடுத்துவிட்டு வந்து கேட்க வேண்டும். அந்தக் கூட்டங்களுக்குத் தாராவியிலும் சுனாபட்டியிலும் செம்பூரிலும் உள்ள தமிழ் அமைப்புகள் தங்கள் மன்றங்களைத் திறந்துவிட வேண்டும், இப்போதே.